மூன்று மில்லி

ஃப்ரிட்ஜில், இட்லி மாவுக்குப் பின்னால்
ஊசியில்லாத ஒரு சிரிஞ்சு.
மாட்டுக்கு மருந்தா என்று கேட்டேன்,
நம்மிடம் மாடு இல்லை என்பது கேட்ட பிறகுதான் நினைவு வந்தது.
ஹாப்ஸ் என்றார் கார்வேந்தன்.
ஒரு கொடியின் பூ. நம் வெயிலுக்கு வராது.
ஏதோ குளிர்நாட்டில் பூத்ததைப் பிழிந்து
இலையை, பச்சையை, காம்பை அங்கேயே விட்டுவிட்டுக்
கசப்பை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள்.

சாயப்பட்டறை லேபில் இவருக்கு வேலை.
ஒரு மஞ்சளை இன்னொரு மஞ்சளிலிருந்து
பிரித்துச் சொல்கிற கண்.
அரைச் சதவீதம் பிசகினால்
பனியன் லாட்டு மொத்தமும் திரும்பி வரும் என்பதால்
வீட்டிலும் அளவு.
இருபது லிட்டருக்கு மூன்று மில்லி, ஒரு மணி நேரக் கொதி.
கொதித்தால்தான் கசப்பு உருமாறித் தண்ணீரோடு சேருமாம்.
அதுவரைக்கும் அது பிசின்,
எண்ணெய்க்குப் பங்காளி.

வேலம்பாளையத்து மாடி வீட்டில் பெரிய பாத்திரம் ஒன்றே ஒன்று,
எனக்குச் சீராக வந்த அண்டா.
உள்விளிம்பில் ரா. சம்பூர்ணம் என்று
கடைக்காரர் தட்டித் தட்டி வெட்டிய பெயர்.
மெய்யின் தலையில் இருப்பதும் புள்ளி,
மெய்யே புள்ளிகள்.

ஞாயிற்றுக்கிழமை அதில் மால்ட் கொதித்தது.
பருத்திக்கொட்டை ஊறும் தொட்டியின் வாசம்.
சட்டத்தைப் பற்றி நான் கேட்கவில்லை,
ஜன்னலை மட்டும் சாத்தினேன்.
சுடுதண்ணீரில் இளக்கிய சிரிஞ்சை இவர் அழுத்த
தேன் நிறம், தேனின் சோம்பல்,
தேனிடம் உள்ள வேறெதுவும் கிடையாது,
நூல் விட்டு இறங்கியது.
நுரை குபீரென்று ஏறியது. அடுப்பைத் தணித்தார்.
எதை மேலே விட்டுவிட்டு நுரை இறங்கியதென்று
யாரும் பார்க்கவில்லை.
மறுநாள் காலை
என் கட்டைவிரல் பட்ட பேஸ்ட் கசந்தது.

பத்து நாளில் மாரியம்மன் நோம்பி.
ஒறம்பரை முப்பது பேர்.
மூன்று தடவை விம் போட்டுத் துலக்கிய அதே அண்டாவில்
அரிசிம்பருப்புச் சோறு.
கை தாராளமாக நெய்.
நெய் விளிம்பு வரைக்கும் ஏறியது, பங்காளி கூடவே இறங்கினான்.

காங்கேயத்துச் சித்தப்பா இரண்டாம் கவளத்தில் நின்றார்.
"ஏனம்மிணி, வேப்பம்பூப் போட்டியா?"
"ஆமாங் சித்தப்பா. வெயிலுக்கு ஆகுமுங்க."
பொய்யை நான் முடிப்பதற்குள்
"இன்னுங் கொஞ்சம் வைய்யி" என்றார்.
எதிர்ப் பந்தியில் இவர்
இலையைப் பார்த்தபடி ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.
ரசத்துக்குக் கூட நிமிரவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பாட்டில் திறந்தோம்.
நிறம் சரி. நுரையும் நின்றது.
வாயில் வைத்தால் பானகம்.
"கசப்பு எங்கீங்க?"
"காங்கேயம் போயிருச்சு."

சிரித்து முடிக்கவே நேரமானது.
அடுத்த தடவை மூன்றரையா என்றேன்.
மூன்றுதான்,
கொதியில் கொஞ்சம் தனியே எடுத்து அதில் கரைத்து ஊற்ற வேண்டும்,
கரண்டியை எடுத்துக்கொண்டு விளிம்புக்குக் காவல் நிற்க வேண்டும் என்றார்.
பிறகு பனியன் வேஸ்ட்டில் ஒரு துண்டு,
கொஞ்சம் தேங்காய் எண்ணெய், என் தாலிக்கொடி ஊக்கு ஒன்று,
எல்லாவற்றோடும் அண்டாவைக் கவிழாமல் சாய்த்து உட்கார்ந்தார்.
ஒவ்வொரு புள்ளியாக.
'சம்' சுலபமாக விட்டது.
'பூ'வின் சுழியில் ரொம்ப நேரம்.
'ர்' மேலிருந்த ஒற்றைப் புள்ளியிலிருந்து
துணி மஞ்சளாக வந்தது.
என்ன மஞ்சள் என்று கேட்டேன்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மோந்தார்,
தெரியவில்லை என்றார்.

இன்னும் 'ணம்' பாக்கி இருந்தது.
கரண்ட் போய்விட்டது.